நெடுந்தீவில் ஓர் இரவு

நெடுந்தீவு என்று நான் வாயெடுத்தவுடனே உங்களில் அரைவாசிப்பேர் "குதிரை" என்றிருப்பீர்கள். மற்ற அரைவாசிப்பேர் பெருக்குமரம். அதற்குப் பிறகு ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளருகிற கல்லு. காலைப் படகில் போய், துறையில் ஓட்டோ ஒன்றைப் பிடித்து, இவ்வளவையும் ஒரே சுற்றில் பார்த்து, படமும் பிடித்து, பின்னேரப் படகில் திரும்பினவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களோடுதான் எனக்கு இன்றைக்குச் சண்டை. லீவை இரண்டு நாளாக எடுங்கோ. ஓர் இரவு தங்குங்கோ.

யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலைத் தாண்டித் தாண்டிக் குறிகட்டுவானில் கொண்டுபோய் விடும். அங்கே பெரிய வரிசை நயினாதீவுக்கு. அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் போகிற சனம். எங்கட வரிசை சின்னது, ஆனால் சாமான் பெரிது: அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள், ஒரு பெட்டி கோழிக்குஞ்சு. அதற்கு மேலே நாங்கள். கடல் நல்லாய் இருந்தால் ஒரு மணித்தியாலம் போதும்.

இந்தக் கடலில் குமுதினி என்றொரு படகு ஓடியது. 1985 மே 15ஆம் திகதி அதிலே போன சனத்தை நடுக்கடலில் மறித்து வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தீவிலே நினைவுகூருகிறார்கள். பொழுதுபோக்கப் போகிற பயணத்தில் இது ஏன் என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிற கிழவி யாரைப் பறிகொடுத்தவரோ தெரியாது. தெரிந்துகொண்டு ஏறினால் வாயும் அளவாய் இருக்கும்.

மாவிலித்துறையில் இறங்கியாச்சு. ஓட்டோக்காரர் கூப்பிடுவார், நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு நடவுங்கோ. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிடுகு வேலியும் கிளுவை வேலியும் கண்டு வளர்ந்தவர்கள். இங்கே வேலி கல்லு. கடலுக்குள்ளே விளைந்த பவளக் கல்லைப் பொறுக்கி, சாந்தும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியால் காற்று அங்காலே போய்விடும். ஆடு ஒன்று மறுபக்கத்தில் நின்று உங்களைப் பார்ப்பதும் தெரியும். ஒழுங்கைக்கு ஒழுங்கை இதேதான். வேலியைக் குனிந்து பார்த்தால் கல்லிலே பூப்பூவாய்ப் பதிந்திருக்கும், சங்கும் சிப்பியும் ஒட்டியிருக்கும். கோட்டையை விட எனக்கு இந்த வேலிகள்தான் வடிவு.

ஒரு பக்கத்துக் கதை. எங்கட தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், வேலணை லைடன், அனலைதீவு ரொட்டர்டாம். ஒன்றும் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் படகுத் துறையில் எழுதியிருக்கிறது. இன்னொன்று, யாழ் மாவட்டத்துக் கிராமசேவகர் பிரிவுகளுக்கு இலக்கம் போட்டபோது ஒன்றாம் இலக்கம் நெடுந்தீவுக்குத்தான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாய் நிற்கிற ஊருக்கு அதிலாவது முதலிடம்.

சரி, இந்த ஒழுங்கையால் போய் இடதுகைப் பக்கம் திரும்பினால் என் மாமி வீடு. சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறை விட்டால் எங்களைப் படகேற்றி அங்கே அனுப்பிவிடுவார்கள். மாமா கடலுக்குப் போகிறவர். அவர் எந்த மீனோடு வருகிறார் என்று பார்த்துத்தான் மாமி அடுப்பு மூட்டுவா. சில நாளில் விற்க முடியாத மீன்தான் வரும். குட்டி ஒட்டி, கொஞ்சம் சூடை, நாலு நண்டு, ஒரு பிடி றால், கிழிந்துபோன கணவாய். அன்றைக்குக் கூழ்.

ஒடியல் கூழ் தெரியாத நேயர்களுக்காகச் சொல்லுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆவணி, புரட்டாதியில் விழுகிற பனம்பழத்தின் கொட்டையைப் பாத்தி போட்டால் மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், சப்பித் தின்கிறதுக்கு. அவிக்காமல் பச்சையாய்க் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாதான் கூழுக்கு. மாவில் ஒரு கசப்பு உண்டு. தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட வேணும். அவசரப்பட்டால் முழுப் பானையும் கசக்கும். மாமி மத்தியானமே ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பா.

பொழுதுபட முற்றத்தில் மூன்று கல்லு வைத்துப் பெரிய பானை ஏறும். கைப்பிடி அரிசி, பயத்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை. பலாக்கொட்டை யாழ்ப்பாணத்துச் சந்தையிலிருந்து படகில் வந்தது, அதை எண்ணித்தான் போடுவா. இதெல்லாம் பாதி வெந்த பிறகு நண்டும் மீனும். அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. முருங்கையிலை ஒரு பிடி. கடைசியில் மாவைக் கரைத்து விட்டுத் துழாவத் துழாவத் தடிக்கும். துழாவுகிற வேலை எங்களுக்கு, உப்புப் பார்க்கிற வேலை மாமாவுக்கு. யார் வந்தாலும் பானையில் இன்னும் கொஞ்சத் தண்ணீர் சேரும்.

கோப்பையெல்லாம் கிடையாது. பனங்குருத்தோலையை மடித்துப் பிளா கோலித் தருவார்கள். சூட்டோடு வார்த்தால் ஓலையின் மணமும் கூழில் ஏறும். ஒரு கையில் பிளா, மற்றக் கையில் தேங்காய்ச் சொட்டு. உறைப்பில் கண்ணீர் வரும், மூக்கும் ஓடும். "இன்னும் கொஞ்சம் விடட்டே பிள்ளை?" என்று மாமி கேட்டால் வேண்டாம் என்று சொன்னவனை நான் கண்டதில்லை. யாழ்ப்பாண நகரத்திலே கரண்டியும் போட்டுக் கூழ் தருகிற கடைகள் உண்டு. குடிக்கலாம், குறையில்லை. ஆனால் அதிலே றால் கூட, கசப்புக்குப் பயந்து மா குறைவு. கூழ் என்றால் தடிப்பாய் இருக்க வேணும். குடித்து முடிய உடம்பு வேர்த்து, திண்ணையில் சாய்ந்தால் எழும்பவே மனம் வரக்கூடாது.

தெருவால் நடப்போம் என்று சொல்லிப்போட்டு உங்களை அடுப்படியிலேயே இருத்திவிட்டேன். கண்ணாடிக்கு அங்காலே தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். இனிக் கெதியாய்ச் சொல்லுகிறேன்.

மறுநாள் விடிய, வெயில் ஏற முதல், சைக்கிளில் குதிரைகளைப் பார்க்கப் போங்கோ. 2015இல் அவை மேய்கிற பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள், அதனால் கிட்டப் போய்த் துரத்துகிற விளையாட்டு வேண்டாம். கோடையில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகிற சீவன்கள் அவை. தை, மாசியில் போனால் மழை முடிந்து புல் பச்சையாய் இருக்கும், கடலும் அடங்கியிருக்கும், புது ஒடியலும் காய்ந்துகொண்டிருக்கும். சோளகக் காற்று எழும்பினால் படகு ஆடுகிற ஆட்டத்தில் முதல்நாள் குடித்த கூழ் ஞாபகத்துக்கு வரும். படகு நேரம் மாறும், குறிகட்டுவானில் கேட்டுக்கொள்ளுங்கோ. தங்குகிற இடத்தில் கூழுக்கு முதலே சொல்லிவையுங்கோ, மா ஊற வேணும். குடிதண்ணீருக்குக் கஷ்டப்படுகிற தீவு அது. உங்கட தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கோ, வெறும் போத்தலையும் அங்கே எறியாமல் படகில் திருப்பிக் கொண்டுவாருங்கோ.