நமக்கென்று ஒரு பேர்



ஒவ்வொரு நாளும் நம்முடைய பேர் செக்ரோலில் விழுகிறது. கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர். நாம் இருபது, முப்பது வருடம் உழைத்தாலும் அந்தப் பேரைப் போடுவது இன்னொருவர் கைதான். நம் வாழ்நாளில் நாமே நம் பேரைப் போட்டுக்கொள்ளும் காரியம் எது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பாடசாலையில் 'எனது எதிர்கால இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஒரு பக்கம் நிறைய எழுதிவிடுகிறார்கள். அதே கேள்வியைத் தாய்மாரிடம் கேட்டால், "எனக்கு என்ன இனி? பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்" என்கிறார்கள். பிள்ளைகளுக்காக வாழ்வதில் குறை இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் 'எனக்கு என்ன இனி' என்று சொல்வதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

நம் பெரியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாட்டுக்குப் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. 55 வருடம்! 'நானும் இந்த நாட்டுப் பிரஜை' என்ற ஓர் ஆசையை மூன்று தலைமுறை கைவிடாமல் வைத்திருந்தது. இன்று நம் கையில் இருக்கும் அடையாள அட்டை அந்த ஆசைக்குக் கிடைத்த பலன்.

இனி நம்முடைய ஆசைகளைப் பார்ப்போம். அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலாவது, நாமே முயன்று முடிக்கக்கூடியவை. நம் பேரைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குவோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எப். கணக்கில் கூப்பிடும் பேர் என்று இருந்தால், ஓய்வுபெறும் நாளில் அலையப்போவது நாம்தான். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, நம் பணத்தை நாம் அறிந்திருப்பது. ஈ.பி.எப்.புக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும். ஈ.டி.எப். 3 சதவீதமும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நம் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஓய்வுபெற்று ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம். ஐந்து வருடம் சேவை முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சர்வீஸ் காசு உண்டு. 25 வருடம் வேலை செய்தவருக்கு அது 350 நாள் சம்பளம். இந்தக் கணக்கு ஒவ்வொரு லயத்துக் காம்பராவிலும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு, மனதுக்குப் பிடித்த ஒன்று. கைநாட்டு வைப்பவர் கையெழுத்துப் போடப் பழகலாம். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட பிள்ளை, விட்ட பாடத்தை மறுபடி எழுதலாம். ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் தானே பேசுமளவுக்குச் சிங்களம் கற்கலாம். சிவனொளிபாத மலையைத் தினமும் பார்த்தும் ஒருமுறைகூட ஏறாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கடலைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஆசைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, தனியாளாகப் பெற முடியாதவை. சொந்தக் காணி, அதற்கு நம் பேரில் உறுதி, அதில் ஒரு வீடு, மாதம் முழுவதும் குடும்பம் சாப்பிடப் போதுமான சம்பளம். இவை பேராசை அல்ல. ஒருவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இவற்றைத் தனியாக அடைய முடியாது. 'நீ முயற்சி செய்யவில்லை' என்று யாராவது சொன்னால் தலை குனிய வேண்டாம். சட்டமும் ஒப்பந்தமும் மாற வேண்டிய இடத்தில் முயற்சி என்பது ஒன்றுசேர்வதுதான். சங்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஒரு கொப்பித் தாளில் இரண்டையும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இலட்சியம் உண்டு என்று பிள்ளைக்கும் தெரியட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த மாதத்துக்குள் முதல் காரியத்தைச் செய்யப்போகிறோம் என்று குறியுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசிச் சம்பளத் துண்டு ஆகியவற்றையும் கொண்டுவாருங்கள். பேர் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருடையதையும் உட்கார்ந்து பார்ப்போம். பொருந்தாதவர்களின் பட்டியலை அன்றைக்கே எடுத்து, அந்த வேலையை உடனே தொடங்குவோம்.