வண்டல் அள்ளவும் மனுவா?

(வட்டப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தலைவர் எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம கண்மாயில் வண்டல் ஏறி மடைவாய் வரைக்கும் வந்துவிட்டது. அள்ளுவதற்கு டிராக்டர் இருக்கு. ஆள் இருக்கு. தலைக்கட்டு வரி போட்டால் டீசலுக்குக் காசும் சேர்ந்துவிடும். அனுமதிக் கடிதம்தான் இல்லை.

1959-ஆம் வருஷத்துச் சிறுகனிம விதிகளில் கண்மாய் மண்ணும் கனிமம். முன்பு கலெக்டர் வரைக்கும் போகணும். 2024-இல் அந்த அதிகாரத்தைத் தாசில்தாருக்கு இறக்கினார்கள், வரவேற்கிறோம். ஆனாலும் அரசிதழ்ப் பட்டியலில் நம்ம கண்மாய் இருக்கணும், அடங்கல் வேணும், நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அளவு வேற. கண்மாய் காய்ந்து கிடப்பதே சித்திரை, வைகாசி, ஆனிதான். போன கோடையில் நாம் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தபோது மழை பெய்து எல்லாம் சேறாகிவிட்டது.

இதை அன்றைக்கே சொன்னவர் ராஜாஜி. 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று பெயரே வைத்தார். 1959-இல் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் போட்ட கையோடு, அதை எதிர்த்து சுதந்திரா கட்சி கண்டார். அதற்குத் தலைவராக வந்தவர் என்.ஜி. ரங்கா, ஆந்திர விவசாயிகளின் தலைவர். நான் அந்தக் கட்சிக்காரன் இல்லை. மானியம், தள்ளுபடி எல்லாம் நம்ம சங்கமும் கேட்டதுதான். ஆனால் மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி, மானியத்தை நீயே வைத்துக்கொள், என் விலைக்குக் குறுக்கே நிற்காதே என்ற வழியில் சங்கம் நடத்தினார். அந்தக் கோணத்தையும் நாம் யோசிக்கணும்.

குடிமராமத்து என்று பழம்பெருமை பேசுகிறோமே, அதிலும் ஒன்று சொல்லணும். அன்றைக்கு மண் சுமந்தது யார்? பெரும்பாலும் சேரி ஜனங்கள். விருப்பப்பட்டா சுமந்தார்கள்? போதாக்குறைக்கு 1858-இல் வெள்ளைக்காரன் அந்த வேலையைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டான். கட்டாயத்தை ஊர் போட்டாலும் சர்க்கார் போட்டாலும் அது கட்டாயம்தான். நாம் கேட்பது மனசு ஒப்பிச் செய்கிற வேலை. வராதவனை ஒதுக்கி வைக்கக் கூடாது, வந்தவனுக்குக் கூலியோ வண்டலோ கொடுத்தாகணும். 2017-இல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டு வந்தது. பாசனதாரர் பங்கு பத்து சதவீதம். எஸ்டிமேட் மட்டும் பொறியாளர் கையில்!

அதிகாரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: திறந்து விட்டால் செங்கல் சூளைக்கு மண் போகாதா? போகும். போயிருக்கிறது, அனுமதிச் சீட்டு இருந்தபோதே! ராத்திரி எந்த வண்டி கண்மாய்க்குள் இறங்குகிறது என்று கரையில் காவல் இருக்கிற பாசனதாரருக்குத் தெரியும். நாங்கள் பிடித்துக் கொடுக்கிறோம், நீங்கள் வழக்குப் போடுங்கள். ஆக்கிரமிப்பை எடுக்க 2007-லேயே சட்டம் இருக்கு, அதைச் செய்யுங்கள். மேல் கண்மாய்க்காரனுக்கும் கீழ் கண்மாய்க்காரனுக்கும் தகராறு என்றால் நடுவில் நில்லுங்கள். கலுங்கு உடைந்தால் கட்டிக் கொடுங்கள், அது நம்மால் ஆகாது. இதெல்லாம் சர்க்கார் வேலை. என் வண்டியில் எத்தனை கூடை ஏறுச்சு என்று எண்ணுவது இல்லை.

சித்திரை முதல் ஆனி வரை, சொந்த நிலத்துக்கு அள்ளுகிறவருக்கு அனுமதி வேண்டாம். பாசனதாரர் சங்கப் பதிவேட்டில் எழுதினால் போதும். இதுதான் கோரிக்கை. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்பு கூடுகிறோம். ஆளுக்கொரு கூடை வண்டலோடு வாங்க. அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும், கேட்டாலும் கேட்பார்கள்.