நாட்டுத் தாயும் அயல் தந்தையும்



"நாட்டு இனமே நல்லது" என்பார் ஒரு பக்கம். "அயல் இனமே ஆதாயம்" என்பார் மறுபக்கம். பன்றி வளர்ப்பில் இந்த வழக்குக்குத் தீர்ப்புத் தேடினால், இந்தியாவின் அசாம் மாநிலத்துக்குத்தான் போக வேண்டும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில், இந்தியாவிலேயே அதிகப் பன்றிகள் இருந்த மாநிலம் அசாம். ஏறத்தாழ 21 லட்சம். அங்கே பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் இரண்டு, மூன்று பன்றிகள்தாம். தவிடும் சமையல் மிச்சமும் போட்டு வளர்ப்பவர் அந்த வீட்டுப் பெண். குட்டி விற்ற காசு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் போகிறது. ஆகவே, ஓர் ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தன, அவற்றில் எத்தனை பால் மறக்கும்வரை பிழைத்தன என்பதே அவருக்குக் கணக்கு.

நாட்டுப் பன்றி வெயிலையும் மழையையும் தாங்கும், கிடைத்ததைத் தின்னும். ஆனால் மெதுவாக வளரும். பல நாட்டு இனங்கள் குறைவாகவே குட்டி போடும். அயல் பன்றி வேகமாக வளரும். ஆனால் நல்ல தீவனமும் கவனிப்பும் கேட்கும்.

குவாஹாத்தி அருகே ராணி என்ற ஊரில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இதற்கு ஒரு வழி கண்டது. வட வங்காள மலையடிவாரத்தின் குங்ரு இனம், நாட்டுப் பன்றிகளில் அதிகக் குட்டி போடுவதற்குப் பெயர் பெற்றது. அதனுடன் ஹாம்ஷயர் இனத்தைச் சேர்த்தார்கள். ஊர்ப் பெயரையே சூட்டி, கலப்பினத்துக்கு 'ராணி' என்றார்கள். பின்னர் ராணியுடன் டியூராக் இனத்தைச் சேர்த்து 'ஆஷா' உருவானது.

கலப்பு ஏன் பலன் தருகிறது? குட்டிகளின் எண்ணிக்கை பரம்பரையாக இறங்குவது மிகக் குறைவு; ஏறக்குறைய 10 விழுக்காடுதான். நல்ல தாயின் மகளைத் தேர்ந்தெடுத்து மட்டும் அதை விரைவில் உயர்த்த முடியாது. உறவில்லாத இரண்டு இனங்கள் சேரும்போது பிறக்கும் வீரியமே குட்டிகளைப் பிழைக்க வைக்கிறது. கலப்பினப் பெண் குட்டி வளர்ந்து தாயாகும்போது பலன் இன்னும் கூடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் தலைமுறைக் கலப்பினங்களையே தங்களுக்குள் சேர்த்தால், அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே கரைந்துவிடும். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் கலப்பினம் வேண்டுமென்றால், கலப்பில்லாத நாட்டுத் தாய் எப்போதும் தேவை.

அந்தத் தாய்க்குத்தான் இன்று ஆபத்து. 2020-இல் இந்தியாவில் முதன்முதலாக அசாமிலும் அருணாசலத்திலும் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், நாடு என்றும் அயல் என்றும் பார்ப்பதில்லை. வேக வைக்காத இறைச்சி மிச்சத்தைத் தீனியாகப் போடாமலிருப்பதும், வெளிப் பன்றியைத் தனியே வைத்துக் கவனிப்பதும் முதல் காவல்.

இனம் எதுவானாலும் சினைக் காலம் 3 மாதம், 3 வாரம், 3 நாள். பிறந்த குட்டிக்கு உடனே சீம்பால், படுக்க வெதுவெதுப்பு, தாய் மேலே விழுந்து நசுக்காமல் ஒரு தடுப்புக் கம்பி, சில நாளில் இரும்புச் சத்து ஊசி. இவை இல்லாவிட்டால் 12 குட்டி பிறந்தாலும் கைக்கு வருவது சொற்பமே.

தீர்ப்பு இதுதான்: அயல் தந்தை வரட்டும், நாட்டுத் தாய் கொல்லையை விட்டுப் போகக் கூடாது.