மொட்டைக் கடுதாசி



பரிசளிப்பு விழாவில் கொலைக் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். ஷேக்ஸ்பியர் 1599ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் நம் வீட்டுக்கும் பாடம் இருக்கிறது.

காசியஸும் சீசரும் டைபர் ஆற்றில் போட்டி போட்டு நீந்தியவர்கள். மூழ்கப் போன சீசரைக் கரை சேர்த்தது நான்தான் என்கிறான் காசியஸ். அதே சீசர் உரோமாபுரிக்கே தலைவரானதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

ஊர் மதிக்கும் நல்லவன் புரூட்டஸ். அவனை இழுக்க என்ன செய்தான் தெரியுமா? பலர் எழுதியதுபோல வேறு வேறு கையெழுத்தில் கடிதம் தயாரித்து, அவன் வீட்டுச் சன்னலில் போட வைத்தான். நம்ம பேச்சில் சொன்னால் மொட்டைக் கடுதாசி!

புரூட்டஸுக்குச் சீசர் உயிர் நண்பர். "முடிசூட ஆசையா?" என்று நேரில் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. நாட்டுக்காக என்று நம்பிக் கத்தியை எடுத்தான். கி.மு. 44, மார்ச் 15இல் சீசர் சாய்ந்தார்.

பிறகு அந்தோணி பேசினான், கூட்டம் வெறிகொண்டது. சதிகாரன் ஒருவன் பெயர் சின்னா. அதே பெயருள்ள அப்பாவிக் கவிஞனையும் அடித்துக் கொன்றது. புரூட்டஸும் போரில் தோற்று, வாளில் பாய்ந்து மாண்டான். நல்லவன்தான், விசாரிக்காமல் கெட்டான்.

மாணவர்களே, பரிசு வாங்கும் தோழனுக்கு மனதாரக் கைதட்டுங்கள். பெற்றோர்களே, யாரைப் பற்றியாவது மொட்டைக் கடுதாசி வந்தால், முதலில் அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.