இங்கிலீஷ் பேச ஒரு காரணம் வேண்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி விஷயத்துக்கும் லிஃப்ட் பராமரிப்பு விஷயத்துக்கும் நடுவில் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவன், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

கீழ்த்தளத்து ஹாலை ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிப் பிள்ளைகளின் இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சிக்குத் தரலாமா என்று கடிதம் கொடுத்திருந்தேன். "அதுக்குத்தான் ஊர் முழுக்க ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருக்கே சார்" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு கலைக் கல்லூரியில் இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் பி.காம். பிள்ளைகளோடு உட்காருகிறேன். இங்கிலீஷ் துறைப் பேராசிரியை ஒருவர் தொடங்கிய வகுப்பு அது. நான் கூடமாட ஒத்தாசை செய்கிறவன், அவ்வளவுதான். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பல வீடுகளில் இவர்கள்தான் முதல் பட்டதாரி. 1968-ல் நம் மாநிலம் தமிழும் இங்கிலீஷும் போதும் என்று முடிவு செய்ததிலிருந்து பள்ளியில் இங்கிலீஷ் எல்லாருக்கும் உண்டு. கல்லூரிக்கு வந்தால் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ். ஆக, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் படித்துவிட்டார்கள். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள்.

போன வருடம் ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. எங்கள் வகுப்பில் கணக்குப் பதிவியலில் முதலாவதாக வருகிற பெண் உள்ளே போனாள். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் மனப்பாடம் செய்ததை மடமடவென்று ஒப்பித்தாள். அடுத்து அந்த அம்மா இயல்பாக, இன்று காலை எப்படி வந்தாய் என்று கேட்டிருக்கிறார். 'டூ பஸ்ஸஸ், மேடம்' என்றால் போதும். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

அவளுக்கு டூ தெரியாதா, பஸ் தெரியாதா? நான் கவனித்தவரையில் இதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, நம்முடைய வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். 'நான் காலையில் ரெண்டு பஸ் மாறி' என்று இழுத்துக்கொண்டே யோசித்து, முடிவில் 'வந்தேன்' என்று இறக்கிவிடலாம். இங்கிலீஷில் 'ஐ' என்று வாயைத் திறந்த அடுத்த நொடியே வினைச்சொல் வேண்டும். வகுப்பில் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் 'ஐ...' என்றுதான் நிற்பார்கள். கேமா, வென்ட்டா, ஆம் கமிங்கா என்று உள்ளே ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி. இப்படியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். பஸ் ஸ்டாப் சுவரில் 'முப்பதே நாளில்' என்று விளம்பரம் ஒட்டுகிற சென்டர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. மறுபடி இலக்கணம், மறுபடி மனப்பாடம், அதற்கு ஒரு ஃபீஸ்.

பேராசிரியை எனக்கு ஒரு பழைய முயற்சியைப் பற்றிச் சொன்னார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர் புராஜெக்ட் என்று இன்றும் உலகம் முழுக்க இங்கிலீஷ் ஆசிரியர்கள் பேசுகிறார்கள். 1987-ல் புத்தகமாகவும் வந்தது. விஷயம் எளிமையானது. இலக்கணத்தை வரிசையாகப் பாடம் நடத்தாமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார், இந்த ஊருக்கு எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி. ஒரு வரைபடத்தைப் பார், வழி சொல். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கணக்கு. பிள்ளை தப்பாகச் சொன்னால் நிறுத்திப் பாடம் எடுக்காமல், ஆசிரியர் சரியான வடிவத்தைத் தன் பதிலில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அதை நாங்கள் நம்மூர் சரக்காக மாற்றிக்கொண்டோம். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு சீட்டு. ஒருவன் வெளியூர்க்காரன், மாட்டுத்தாவணியில் நிற்கிறான், கொடைக்கானல் போகவேண்டும், கையில் இருநூறு ரூபாய். இன்னொருவன் சீட்டில்தான் எந்த பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் வண்டி நிற்கும், டவுன் பஸ் நம்பர் என்ன என்பதெல்லாம் இருக்கும். ஆரப்பாளையம் போகவேண்டும் என்று கேட்டு வாங்கினால்தான் முதல் பையன் தன் தாளை நிரப்ப முடியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது, அதுதான் இதில் சூட்சுமம். 'வாட் இஸ் யுவர் நேம்' என்று நாலு வருடமாக பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் யாருக்குப் பேச்சு வரும்?

கோயிலைச் சுற்றிய வீதிகளை வைத்தும் செய்தோம். சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் போட்ட ஊர், வழி சொல்லிப் பழக இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஒரு பையன் கீழமாசி வீதியை 'டவுன் மாசி ஸ்ட்ரீட்' என்றான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். சோத்தாங்கைப் பக்கம் என்பதற்கு ரைட் சைடு என்று வாயில் வருவதற்குள் கை திரும்பிவிடும். அதுவும் பேச்சுதான், பரவாயில்லை.

என் பங்குக்கு நான் கொண்டுபோனது வங்கிக் கவுன்ட்டர். செக்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஒரு சீட்டு, இன்றைக்கே ஃபீஸ் கட்டவேண்டும் என்று எதிர்ச் சீட்டு. நன்றாகச் சண்டை போட்டார்கள். ஆனால் எல்லாவற்றிலும் சிறப்பாகப் போனது கல்விக் கடன்தான். மாணவன் சீட்டில், மேல்படிப்புக்கு மூன்றரை லட்சம் வேண்டும், அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கப் பயப்படுகிறார் என்று இருக்கும். அதிகாரி சீட்டில் நிஜ விதி இருக்கும்: 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோரும் சேர்ந்து கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அன்றைக்கு ஒரு பெண் எழுந்து, "சார், ஹவுஸ் டாகுமென்ட் நோ நீட்? ரியலி? ஷ்யூர் சார்?" என்று மூன்று முறை கேட்டாள். இலக்கணத்தைப் பார்த்தால் மார்க் போட முடியாது. ஆனால் அந்தப் பெண் அதுவரை இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்காதவள். பதில் அவள் வீட்டுக்கு வேண்டியிருந்தது, அதனால் கேட்டாள். "நோ, யூ டோன்ட் நீட் எ ஹவுஸ் டாகுமென்ட்" என்று நான் சொன்னதை, போகும்போது தோழியிடம் சரியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனாள்.

சீட்டு இன்னொரு உபகாரமும் செய்கிறது. பேசச் சொன்னது சீட்டு. அதனால் யாரும் யாரையும் பீட்டர் என்று சொல்ல முடியாது.

இதில் பிரபுவோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு உண்டு. பேராசிரியைக்கும் எனக்கும் இதில் தர்க்கம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் தப்பை இன்னொருவர் படித்துக்கொள்வார்கள் என்று அவர் குழுவாகப் பேசவைப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார், ஆசிரியரோடுதான் பேச்சு. தொடக்க நிலைச் சிறுவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வகுப்பில் 60 பேர், பீரியட் 50 நிமிடம். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. இருவர் இருவராக 20 நிமிடம் பேசினால் ஆளுக்கு 10 நிமிடம். கூட்டல் கழித்தல் தெரிந்தவன் வேறென்ன சொல்வேன்? சத்தம் வரும், பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டார்கள். நடுவில் 'டேய் மாப்ள, உன் சீட்டைக் காட்டுடா' என்று தமிழும் வரும். தமிழுக்கு நாங்கள் அபராதம் போடுவதில்லை. தாளில் நிரப்ப வேண்டிய விடை இங்கிலீஷில் கேட்டு வந்ததா என்று மட்டும் பார்ப்போம்.

ஆக்டிவிட்டி என்ற பெயரில் நடக்கிற எல்லாம் உதவும் என்று நினைக்காதீர்கள். டிபேட் வைத்தோம். கான்வென்ட்டில் படித்த மூன்று பேர் பேசினார்கள், 57 பேர் கை தட்டினார்கள். டம் ஷராட்ஸ் நல்ல விளையாட்டு, ஆனால் வாயை மூடிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் யார் சேர்த்தார்களோ!

சரி, ஹால் எதற்கு? இந்தப் பயிற்சிக்கு ஒரு எல்லை இருக்கிறது. அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். முகம் தெரியாத பெரியவர் ஒருவர் கேட்டால் மறுபடி தரையைப் பார்க்கிறார்கள். இன்டர்வியூவில் எதிரே இருப்பது அப்படிப்பட்ட ஆள்தானே. நம் பிளாக்குகளில் ரயில்வே, மின்வாரியம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! ஆளுக்கு ஒரு கவுன்ட்டர் என்று மேசை போட்டு உட்கார்ந்தால், பிள்ளைகள் ஒவ்வொரு மேசையாக வந்து விஷயத்தைக் கேட்டு வாங்கிப் போகவேண்டும். பாடம் நடத்த வேண்டாம். உங்கள் இங்கிலீஷும் கவர்னர் மாளிகை இங்கிலீஷாக இருக்க வேண்டியதில்லை. தப்பைப் பிடிக்காமல், பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். நம் கேட்டில் இரவு டூட்டி பார்க்கிறவரின் மகனும், இஸ்திரிக் கடைக்காரர் மகளும் கல்லூரியில்தான் படிக்கிறார்கள். அவர்களையும் கேட்டுவிட்டேன், வருகிறோம் என்றார்கள்.

வெளியாட்கள் உள்ளே வருவது பற்றி பி பிளாக் அம்மா கவலைப்பட்டார். இருபது பேருக்கு மேல் வரமாட்டார்கள். கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து கேட்டில் பெயர் எழுதிக்கொள்ளலாம், பேராசிரியையோ நானோ கூடவே இருப்போம். காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. ஃபேன் நாலு ஓடும், அதற்கான கரன்ட் செலவை நான் தருகிறேன். சத்தம் வரும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஹாலுக்கு நேர் மேலே குடியிருப்பவர்கள் ஒப்புக்கொண்டால்தான் தொடங்குவோம்.

கமிட்டி முதலில் ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி தரட்டும். மேசைக்கு எட்டுப் பேர் தேவை, இப்போதைக்கு ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். மீதி மூன்று பேர் யார் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடமோ ஆபீஸ் ரிஜிஸ்டரிலோ சொல்லிவிடுங்கள். பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. லிஃப்ட் கணக்கைச் செயலாளர் சொல்லலாம்.