வாத்தியத்தோடு உட்கார வைத்துப் பாருங்கள்



வாசிப்பதால் வரும் வலியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: தன் உடம்பைக் கவனிக்கும் பயிற்சி, வலி வந்தபின் தேடும் வைத்தியமாக நின்றுவிடாமல், முதல் நாள் பாடத்திலேயே இடம்பெற வேண்டும். அமெரிக்காவில் 1986இல் 48 இசைக்குழுக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் கேட்டபோது, 76 விழுக்காட்டினர் வாசிப்பைப் பாதிக்கும் உடல்நலக் கோளாறு ஒன்றாவது தமக்கு உண்டு என்றார்கள். இத்தனை பேருக்கு வருவதை அவரவர் தலைவிதி என்று ஒதுக்க முடியுமா?

வலிக்கிறது என்றதும் 'நிமிர்ந்து உட்கார்' என்கிறோம். அது போதாது என்பதற்கு எஃப். எம். அலெக்சாண்டரின் அனுபவமே சான்று. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த அவர், மேடையில் கவிதை ஒப்பிப்பவர். குரல் அடிக்கடி கம்மியது; ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் திரும்பும். கண்ணாடி முன் நின்று ஒப்பித்துப் பார்த்தார். ஒப்பிக்கத் தொடங்கியதுமே தலை பின்னுக்குச் சாய்ந்து, குரல்வளை அழுந்தி, மூச்சு இழுபட்டது. அதைவிட முக்கியமானது அடுத்து அவர் கண்டது: தலையைச் சரிசெய்துவிட்டதாக அவர் உணர்ந்த வேளையிலும் கண்ணாடியில் அது பின்னுக்கே போயிருந்தது. பழகிய இறுக்கம் இயல்பாகவே தோன்றும். அதனால்தான் கட்டளை பலிப்பதில்லை. கவனிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

நம் கர்நாடக வயலினையே எடுத்துக்கொள்வோம். சம்மணமிட்டு, சுருள்முனையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை இடது தோள் பக்கம் அணைத்து வாசிக்கிறோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை கமகத்துக்குத் தாராளமாகச் சறுக்குகிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் கச்சேரி முடியும்வரை வலது கால் நகர முடியாது. முதுகு மெல்ல வளைகிறது, இடது தோள் மேலேறுகிறது, துரித காலத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மணிக்கட்டு வலிக்கிறது என்று வரும் மாணவருக்கு மணிக்கட்டில் மட்டும் தைலம் தடவினால் இவற்றில் எது மாறும்?

இப்படிக் கவனிக்கக் கற்பதால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் உண்டா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம். நாள்பட்ட முதுகுவலியுள்ள 579 பேரை வைத்து நடந்து 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அலெக்சாண்டர் வகுத்த பயிற்சி முறையில் 24 பாடங்கள் பெற்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. ஆனால் அவர்கள் இசைக்கலைஞர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். கலைஞர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. மேடைப் பதற்றம் குறைவதற்கு ஓரளவு சான்று தருகின்றன, மற்றவற்றில் உறுதியில்லை. எல்லா நோய்க்கும் இது மருந்தும் அல்ல. பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷரின் வலக்கை விரல்கள் 1960களில் மடங்கிப்போனதற்குக் காரணம் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு. மரத்துப்போதல், விரல் சொன்னபடி கேளாமை என்றால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

'பெரியவர்கள் இப்படித்தான் உட்கார்ந்து வாசித்தார்கள், மாற்றினால் பாணி கெடும்' என்பது இன்னொரு மறுப்பு. நிலைத்தவர்களின் பெயர்தான் நம் காதுக்கு வந்தது. வலி தாங்காமல் வாத்தியத்தை வைத்துவிட்டவர்களை யார் கணக்கெடுத்தோம்? பாணியை மாற்றச் சொல்லவும் இல்லை. அதே அமர்வில், அதே நாதத்துக்குத் தேவையில்லாத இறுக்கம் எது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

கட்டுரை அளிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கையின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கலைஞரை வாத்தியத்தோடு உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லி, பார்த்ததைச் சொல்லுங்கள்.