எந்திரம் இருக்கிறது, ஆளைத்தான் இறக்குகிறோம்



மயிலாப்பூரில் நின்றுகொண்டு பக்கத்துத் தி.நகரைப் பற்றிப் பேசுகிறேன். 2016இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் சென்னையும் வந்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையைத் திறந்தார்கள். நல்லதுதான், நானும் அதில் நடக்கிறேன். ஆனால் தெருவுக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைத் தேடுகிறோம்?

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை.

எந்திரம் இல்லையா? கேரள இளைஞர்கள் செய்த 'பாண்டிகூட்' 2018லேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. சென்னையிலும் அடைப்பெடுக்கும் லாரிகள் ஓடுகின்றன. இருந்தும் நம் அடுக்ககங்களில், லாரியைவிட ஆள் மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த ஆள் ஏன் எப்போதும் சேரியிலிருந்தே வருகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை. அரசுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும்தான். அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்: போன தடவை நம் தொட்டிக்குள் இறங்கியது யார்?